வாரில் கட்டிய மோப்பம்: காயம்பட்ட மானைத் தேட நாயை அனுமதிக்கலாமா?

2019-ஆம் ஆண்டில் பீகாரின் வைசாலி மாவட்டத்தில் எடுக்கப்பட்ட ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. துப்பாக்கிக் குண்டு பட்ட ஒரு நீலானை (நில்காய்) ஜேசிபி இயந்திரம் குழிக்குள் தள்ளுகிறது. அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. அப்படியே மண் போட்டு மூடுகிறார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பு, 2016 ஜூனில், அதே மாநிலத்தின் மோகாமா பகுதியில் ஹைதராபாத்திலிருந்து அழைத்து வரப்பட்ட துப்பாக்கிக்காரர்கள் சில நாட்களில் 200-க்கும் மேற்பட்ட நீலான்களைச் சுட்டார்கள். பயிரை அழிக்கும் விலங்கு என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் அறிவித்ததால் அது சட்டப்படி நடந்த வேலை. அப்போது மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும், ஒரே அமைச்சரவையில் இருந்துகொண்டே, வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். சுடலாமா கூடாதா என்பதே அன்றைய வாதம். குண்டு உடம்பில் தங்கி, பார்வைக்கு எட்டாமல் ஓடிப்போன விலங்கை யார் தேடுவது என்ற கேள்வி அந்த வாதத்தில் இடம்பெறவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. வேட்டை வேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தொடங்கி, 1991 திருத்தம் முழுமையாக்கிய வேட்டைத் தடை இந்த நாடு எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. அது நிற்க வேண்டும். ஆனால் வேட்டை நின்ற பிறகும் மான்களுக்குக் காயம் படுவது நிற்கவில்லை.

பட்டான்செருவிலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். ஹைதராபாத்தின் வடமேற்கு விளிம்பில், சங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர் மருந்து ஆலைகளுக்கும் ரசாயன ஆலைகளுக்கும் பெயர் போனது. புனே செல்லும் 65-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரின் நடுவே போகிறது. முத்தங்கியில் 158 கி.மீ. நீள வெளிவட்டச் சாலை அதைக் குறுக்கிடுகிறது. ஊரை ஒட்டி, 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தின் பண்ணை, ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல், ஏரிகளும் புதர்களுமாக விரிந்து கிடக்கிறது. 2025 ஏப்ரலில் அந்த வளாகத்தில் ஒரு சிறுத்தையே கூண்டில் பிடிபட்டது. வடக்கே நர்சாப்பூர் காட்டை ஊடறுத்து மேடக் சாலை போகிறது. அதற்கும் அப்பால் போச்சாரம் சரணாலயம், நிஜாம்களின் பழைய வேட்டைக்காடு, இன்று மான் பெருக்க மையம் உள்ள இடம். நகரம் காட்டுக்குள் நுழைகிறதா, காடு நகருக்குள் மிச்சம் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலம் இது.

இப்படிப்பட்ட நிலத்தில் மானுக்குக் காயம் பல வழிகளில் வருகிறது. லாரி அடிக்கிறது. தெருநாய்க் கூட்டம் கடிக்கிறது: 2025 மார்ச் இறுதியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் புல்டோசர்கள் இறங்கி, ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியதை ஒட்டிய நாட்களில், அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு புள்ளிமான் நாய்கள் கடித்துச் செத்தது. சென்னை ஐஐடி வளாகத்திலும் இதே கதைதான். மான்களைக் காக்க 2020-இல் அங்கே நாய்களைப் பிடித்து அடைத்தார்கள், அது தனி வழக்காக வளர்ந்தது. வயல் ஓரத்தில் திருட்டு மின்கம்பி. தமிழ்நாட்டு மலையடிவாரத்தில் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டுவெடி. எல்லாவற்றிலும் கொடியது சுருக்குக் கம்பி. இருசக்கர வாகனத்தின் கிளட்ச் கம்பியோ பிரேக் கம்பியோ போதும், செலவே இல்லை. முயலுக்கோ பன்றிக்கோ வைத்த சுருக்கில் மானின் கால் மாட்டும். மான் இழுக்க இழுக்க கம்பி தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பில் போய் நிற்கும். பலமுள்ள கிடா கம்பியைக் கட்டையோடு பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். கம்பி காலிலேயே இருக்கும். அந்தக் கால் அழுகும். அந்த மான் சாகப் பல நாட்கள் ஆகும்.

இப்போது என்ன நடக்கிறது? யாராவது வனத்துறைக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். இரண்டு காவலர்கள் வருவார்கள். சாலையோரத்தில் இரத்தம் கிடக்கும், மான் கிடக்காது. ஊர்ப் பையன்கள் உற்சாகத்தோடு தேடக் கிளம்புவார்கள். முள்ளுக்குள் படுத்திருக்கும் மான் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து ஓடும், மறுபடி துரத்துவார்கள். புள்ளிமானுக்கு இப்படித் துரத்தப்படுவதே உயிருக்கு ஆபத்து. அச்சத்திலும் ஓட்டத்திலும் உடல் வெப்பம் ஏறி, தசைகளில் அமிலம் சேர்ந்து, தசைநார்கள் சிதைந்து, அந்தச் சிதைவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. கால்நடை மருத்துவர்கள் இதைப் பிடிப்புத் தசைநோய் என்கிறார்கள். காயம் ஆறக்கூடியதாக இருந்தாலும், காப்பாற்ற வந்தவர்களின் துரத்தலாலேயே சில மணி நேரத்திலோ சில நாளிலோ அது இறந்துபோகலாம். துரத்தல் தோற்றால் அறிக்கையில் 'விலங்கு காட்டுக்குள் சென்றுவிட்டது' என்று எழுதிக் கோப்பை மூடுவதைத் தவிர அந்தக் காவலர்களுக்கு வேறு வழி இல்லை. அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தேடுவதற்கு அவர்கள் கையில் கருவி ஒன்றும் கொடுக்கப்படவில்லை.

இக்ரிசாட்டுக்கு பட்டான்செருவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், தக்காணத்தின் கரிசலும் செம்மண்ணும் ஒரே இடத்தில் கிடைத்தது. பயிர் ஆய்வுக்கு அது வசதி. இரத்தத் துளியைக் கண்ணால் தேடுகிறவனுக்கு இரண்டுமே பகை. செம்மண்ணில் காய்ந்த துளி நிறத்தோடு நிறமாகிவிடும்; கரிசலில் கறுத்துப்போகும், வெடிப்புக்குள் இறங்கிவிடும். அதோடு, காயம் பெரிதென்பதால் இரத்தம் நிறையச் சிந்தும் என்றும் இல்லை. வயிற்றுக் காயத்தில் கொழுப்பு ஓட்டையை அடைத்துக்கொள்ள, இரத்தம் உள்ளேயே தேங்கும். மனிதக் கண் ஐம்பது அடியில் தடத்தைத் தவறவிடும் இடம் அது.

நாய்க்கு அந்த இரத்தம் கூட அவசியமில்லை. மானின் குளம்புப் பிளவுக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் அது தன் மணத்தை மண்ணில் பதிக்கிறது. பழகிய நாய் அந்த மணத்தில் இந்த மானுக்கும் அடுத்த மானுக்கும் வேறுபாடு காண்கிறது. பத்து மான்கள் குறுக்கே நடந்துபோயிருந்தாலும் முதலில் காட்டிய மானையே தொடரும் நாயைத்தான் தேர்ந்த நாய் என்பார்கள். மண்ணில் ஈரம் இருந்தால் மணம் நீண்ட நேரம் நிற்கும். மே மாத நண்பகலில் தக்காணத்துப் பாறையில் சீக்கிரம் அழிந்துவிடும். எனவே நம் ஊரில் இந்த வேலை விடியலிலும் அந்திக்குப் பிறகும்தான் நடக்கும். வெயிலில் இழுத்துப்போனால் மானுக்கு முன்னால் நாய் விழுந்துவிடும்.

இந்த வேலையைப் பல தலைமுறைகளாகச் செய்துவருபவர்கள் ஜெர்மானியர்கள். ஹானோவர் மோப்பநாய், பவேரிய மலை மோப்பநாய் என்று இதற்கென்றே இனங்களை வளர்த்திருக்கிறார்கள். அங்கே தேர்வு எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் இதன் நிதானம் புரியும். தேர்வு நடத்துபவர் மானின் குளம்புகள் பொருத்திய தனிக் காலணியை அணிந்துகொண்டு காட்டுக்குள் 1,000 மீட்டர் நடக்கிறார். வழியெங்கும் சொட்டுச் சொட்டாகத் தெளிக்க அவரிடம் இருப்பது கால் லிட்டருக்கு மேற்படாத இரத்தம்தான். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டம்ளர். இடையில் திருப்பங்கள் வைக்கிறார், காயம்பட்ட மான் படுத்து எழுந்தது போன்ற இடங்களை உண்டாக்குகிறார். பிறகு அந்தத் தடத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். குறைந்தது 20 மணி நேரம். கடினமான தேர்வில் 40 மணி நேரம். இரவு பனி இறங்கும், மற்ற விலங்குகள் குறுக்கே நடக்கும். அதன்பின்தான் நாய் வருகிறது. கழுத்தில் அகலமான பட்டை, அதில் பத்து மீட்டர் அளவிலான தோல் வார். நாய் மூக்கை மண்ணில் வைத்து நடக்கிறது, ஓடுவதில்லை. திருப்பத்தில் தடத்தைத் தவறவிட்டால் வட்டமடித்து, தானே திரும்பி வந்து, கடைசியாக மணம் இருந்த இடத்தில் மறுபடி தொடங்க வேண்டும். வாரைப் பிடித்திருப்பவர் பேசாமல் பின்னால் போகிறார். தான் கண்ட இரத்தத் துளிகளைச் சிறு அடையாளங்களால் குறித்துக்கொண்டே போகிறார், நாய் வழி தவறினால் அந்த அடையாளத்துக்குத் திரும்பி வருவதற்காக.

அந்த வார்தான் இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. வார் இருக்கும்வரை நாய் மானைத் துரத்த முடியாது, கடிக்க முடியாது, வேறொரு மானின் பின்னால் போக முடியாது. மான் படுத்திருந்தால் அதைக் கிளப்பிவிடாமல் தொலைவிலேயே நிற்க முடியும். அடிபட்ட உடனே பின்தொடரக் கூடாது என்பதும் இதில் ஒரு விதி. வயிற்றில் அடிபட்ட மான் விட்டுவிட்டால் சில நூறு அடியில் படுத்துக்கொள்ளும். உடனே நெருங்கினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். பதறாமல் காத்திருப்பதும் இந்தப் பயிற்சியில் ஒரு பாடம்.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 1972 சட்டத்தின் 2(16) பிரிவு 'வேட்டை' என்பதைக் கொல்வதோடு நிறுத்தவில்லை. பிடிப்பது, நாய் கொண்டு துரத்துவது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து ஈர்ப்பது, இவற்றுக்கான முயற்சி எல்லாவற்றையும் சேர்க்கிறது. 9-ஆம் பிரிவு அதைத் தடைசெய்கிறது. எனவே ஒரு கால்நடை மருத்துவரோ தன்னார்வலரோ தன் நாயை வாரில் கட்டி அடிபட்ட புள்ளிமானின் தடத்தில் நடந்தால், அவர் மனத்தில் என்ன இருந்தாலும், வழக்குப் போட இடமிருக்கிறது. மற்றொரு பக்கம் 11-ஆம் பிரிவு, மீள முடியாத அளவுக்கு ஊனமோ நோயோ உற்ற விலங்கைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தரலாம் என்கிறது. அதாவது, துன்பத்தை முடிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. துன்பப்படும் விலங்கு எங்கே படுத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியைப் பற்றித்தான் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

சட்டத்தின் பழைய வடிவத்தைப் புரட்டினால் இந்த மௌனத்தின் பின்னணி தெரிகிறது. 1972-இல் உரிமம் பெற்ற வேட்டை இன்னும் இருந்தது. அதற்கான கட்டுப்பாடுகளை 17-ஆம் பிரிவு அடுக்கியது: வண்டியிலிருந்து சுடக் கூடாது, வெடியும் நஞ்சும் கூடாது, இரவில் கூடாது, உப்புநக்கியில் கூடாது. அந்தப் பட்டியலில் நாயின் உதவியோடு வேட்டையாடக் கூடாது என்பதும் உண்டு. நீர்ப்பறவை, கௌதாரி, காடை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 1991 திருத்தம் உரிம வேட்டையையே நீக்கியபோது இந்தப் பிரிவும் மறைந்தது. சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தது எந்த நாய் என்று ஊகிப்பது கடினமில்லை. நாட்டில் வேட்டைநாய் என்றால் அவிழ்த்துவிட்ட நாய்தான். நம் சிப்பிப்பாறையும் கன்னியும், கர்நாடகத்து முதோலும் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கும் இனங்கள். ஹைதராபாத் சமஸ்தானத்தில் பழக்கிய சிவிங்கிப்புலியை அவிழ்த்துவிட்டு வெளிமானைப் பிடித்த பழக்கமும் அதே வகை. நிஜாமின் வேட்டைத்திடலாக இருந்து இன்று வெளிமான்களின் புகலிடமாகியிருக்கும் வனஸ்தலிபுரத்து மகாவீர் ஹரிண வனஸ்தலி அந்தக் காலத்தின் சாட்சி. அவிழ்த்துவிட்ட நாயை அஞ்சிச் சட்டம் எழுதியது சரியே. வாரில் கட்டிய நாய் அவர்கள் கண்ணில் பட்டிருக்கவில்லை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான் இருந்தது. மான் வேட்டையில் நாய் கூடாது என்பது அங்கே உறுதியான விதி. ஜான் ஜீனனி என்ற வரலாற்றுப் பேராசிரியர் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இந்த முறையைப் பற்றி அறிந்து, 1970-களின் நடுவில் மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் ஆய்வுக்கான அனுமதியாக இதைக் கேட்டு வாங்கினார். அவர் பயன்படுத்தியது டாக்ஸ்ஹுண்ட். சென்னை, ஹைதராபாத் அடுக்ககங்களில் சோபாவில் படுத்திருக்கும் அதே குட்டைக்கால் நாயின் கம்பிமயிர் வகை. அவரும் நண்பர்களும் ஒரு சிறு அமைப்பாகக் கூடி, ஒவ்வொரு தேடலையும் பதிவுசெய்து துறைக்குக் கொடுத்தார்கள். பத்தாண்டுக் காலப் பதிவுகளுக்குப் பிறகு, 1986-இல், வாரில் கட்டிய நாயைக் கொண்டு காயம்பட்ட மானைத் தேடுவதை அந்த மாநிலம் சட்டமாக்கியது. உரிமம் உண்டு, தேர்வு உண்டு. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாநிலங்கள் அதே வழியில் வந்தன. வேட்டைக்காரர்கள் நிறைந்த பென்சில்வேனியா 2018 வரை காலம் எடுத்துக்கொண்டது. இதில் நான் மதிப்பது அந்த வரிசை முறையை: முதலில் ஆய்வு அனுமதி, பிறகு பதிவு, அதன்பின் சட்டம்.

வேட்டையை மகிழ்வுக்காக நடத்தும் நாட்டின் உதாரணம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று இங்கிலாந்து. நாய்க்கூட்டத்தை ஏவி நடத்திய நரி வேட்டையையும் மான் வேட்டையையும் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்த நாடு அது. அந்தத் தடைச்சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: காயம்பட்டிருக்கலாம் என்று நியாயமாக நம்பப்படும் காட்டு விலங்கை மீட்க, இரண்டு நாய்களுக்கு மேற்படாமல், கட்டுப்பாட்டில் வைத்துத் தேடலாம். தடையும் விலக்கும் ஒரே சட்டத்தில் முரண்படாமல் இருக்கின்றன. மற்றது ஸ்வீடன். அங்கே பெரிய குளம்பு விலங்குகளைச் சுடுகிறவர், அடிபட்டது தப்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்ற தேடுநாய் வந்துசேர ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நமக்கு அதைவிடப் பொருந்துவது அவர்களின் சாலை ஏற்பாடு. ஆண்டுக்கு 60,000-க்கும் மேற்பட்ட விலங்கு மோதல்கள் நடக்கும் அந்த நாட்டில், மானையோ காட்டுப்பன்றியையோ மோதிய ஓட்டுநர் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும், மோதிய இடத்தை அடையாளமிட வேண்டும். விலங்கு எழுந்து ஓடிவிட்டதென்றாலும் சொல்ல வேண்டும். காவல்துறை தன் பட்டியலில் உள்ள தேடுநாய்க்காரரை அழைக்கும். அவர் இரவானாலும் வந்து தடம் எடுப்பார். இங்கே துப்பாக்கி ஒரு பொருட்டே இல்லை. சாலை இருக்கிறது, மான் இருக்கிறது, அடிபட்டது எங்கோ கிடக்கிறது. வெளிவட்டச் சாலைக்கு இதில் எது பொருந்தாது?

நாய் என்ற எண்ணமே நம் வனத்துறைக்குப் புதிதும் அல்ல. வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பும் டபிள்யூ.டபிள்யூ.எஃப் இந்தியாவும் 2008-இல் தொடங்கிய திட்டத்தில் பல மாநில வனத்துறைகளுக்கு மோப்பநாய்கள் கிடைத்தன. பயிற்சி குவாலியரை அடுத்த டேகன்பூரிலும், பின்னர் பஞ்ச்குலாவிலும் துணை ராணுவப் படைகளின் நாய்ப் பள்ளிகளில் நடந்தது. புலித்தோலையும் எலும்பையும் தந்தத்தையும் அவை மணத்தால் காட்டிக்கொடுத்தன. அசாமில் ஆரண்யக் அமைப்பின் 'ஜோர்பா' என்ற பெல்ஜியன் மாலினுவா, காசிரங்காவில் காண்டாமிருகக் கள்ளவேட்டைக்காரர்களின் தடத்தைப் பிடித்தது. 2021-இல் மசினகுடி, கூடலூர் பகுதியில் டி-23 புலியைத் தேடியபோது கும்கி யானை, டிரோன் ஆகியவற்றோடு மோப்பநாய்களையும் இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் கொல்லும் அவசரம் வேண்டாம் என்றது, மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று அது உயிருடன் பிடிபட்டது. எந்த நாய், யாருடைய நாய் என்பது முக்கியம் என்பதற்கும் பாடம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2018-இல் 'அவனி' புலியைத் தேட ஒரு தனியாரின் கேன் கோர்சோ காவல்நாய்களைக் கொண்டுவந்தார்கள். பரபரப்புதான் மிஞ்சியது. அந்த இனம் வளர்க்கப்பட்ட வேலையே வேறு.

தடம் பார்க்கும் அறிவு இந்த மண்ணில் ஏற்கெனவே இருப்பதையும் மறக்கக் கூடாது. நல்லமலைக் காடுகளின் செஞ்சு மக்களைப் பற்றி, நிஜாம் ஆட்சிக் காலத்தில் அங்கே தங்கி ஆய்வுசெய்த ஃபியூரர் ஹைமண்டார்ஃப் 1943-இல் தனி நூல் எழுதினார். அவர்களிடம் வில்லோடு நாயும் இருந்தது. இன்று அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் செஞ்சு இளைஞர்கள் காவல் பணியில் இருக்கிறார்கள். நம் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இருளரும் குறும்பரும் அதே வேலையில் இருக்கிறார்கள். மடங்கிய புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காய்ந்த குளத்தோரத்துச் சேற்றில் எந்தக் கால் ஊன்றவில்லை என்பதைப் படிக்கத் தெரிந்தவர் கையில் வாரைக் கொடுத்தால், மனிதக் கண்ணும் நாயின் மூக்கும் ஒன்றை ஒன்று திருத்திக்கொள்ளும். தேடுநாயோடு பயிற்சிக்கு அனுப்பும் ஆட்களில் ஒருவராவது அந்த மக்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணிக்கு நிரந்தரச் சம்பளமும் வேண்டும்.

எதிர்வாதங்களில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வது நோய். 2018-இல் கிர் காட்டில் நாய் நச்சுக்காய்ச்சல் கிருமி 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்த நிகழ்வில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் நாய்கள் 80 வகைக் காட்டு விலங்குகளைத் தாக்குவதாக ஒரு ஆய்வு தொகுத்தது. அவற்றில் 31 அழிவின் விளிம்பை நோக்கிச் செல்பவை. காட்டுக்குள் இன்னொரு நாயா என்று ஒரு வன அலுவலர் தயங்கினால் அந்தத் தயக்கம் பொறுப்பானது. ஆகவே வெறிநோய்த் தடுப்பூசி, நச்சுக்காய்ச்சல் தடுப்பூசி, பூச்சி நீக்கம் ஆகியவற்றின் பதிவேடு இல்லாத நாய் வனத்தின் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. அரசுக் கொட்டிலில் வளரும் நாய்க்கு இதைச் செய்வது எளிது. அதனாலேயே தொடக்கத்தில் தனியார் நாய்களுக்கு இடம் தரக் கூடாது என்கிறேன்.

'மானைத் தேடுகிறேன் என்று சொல்லி வேட்டைக்குப் போவான்' என்பது அடுத்த வாதம். இங்கே இறைச்சியின் கதவு முன்பே பூட்டியிருக்கிறது. சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி இறந்து கிடக்கும் காட்டு விலங்கும் அரசின் சொத்து. எவரும் எடுத்துப்போக முடியாது. நாயோடு செல்பவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது, ஒவ்வொரு தேடலும் புகார் வந்த தொலைபேசிப் பதிவோடு தொடங்க வேண்டும், வாரில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி நடந்த வழியைக் காட்ட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகு கள்ளவேட்டைக்காரனுக்கு இதில் என்ன ஆதாயம்? அவனுக்கு இரவும் சுருக்குக் கம்பியும் போதும். உண்மையில் அவனுக்குத்தான் இந்த நாய் பகை. காயம்பட்ட மானின் தடத்தைப் பின்னோக்கி எடுத்தால் அது சுருக்கு வைத்த வேலியில் போய் நிற்கும்.

'காட்டில் சாவது இயற்கை, நரிக்கும் கழுகுக்கும் உணவாகட்டும்' என்பவர்களும் உண்டு. சிறுத்தை அடித்த மானைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். கிளட்ச் கம்பியும் லாரியும் இயற்கையில் சேராது.

இதோடு சேர்ந்த விஷயம் காட்டுப்பன்றி. கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து ஒரு கி.மீ. வரை சுடக் கூடாது, மூன்று கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையே சுடலாம் என்று வகுத்தது. தெலங்கானாவிலும் சுட அனுமதி உண்டு. அரசு ஒரு கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் மறு கையில் தேடும் கடமையையும் கொடுக்க வேண்டும். குண்டடிபட்டுக் கரும்புக்காட்டுக்குள் புகுந்த பன்றி அறுவடைக்குப் போகும் பெண்களுக்கு ஆபத்து என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சுட்ட அரசுக்கு அந்த விலங்கின் மேல் பொறுப்பு இருக்கிறது. வைசாலிக் காணொளியில் இல்லாமல் போனது அதுதான்.

பழைய வேட்டைக்காரர்களுக்கு இந்தப் பொறுப்பு இருந்தது. ஹைதராபாத்தை அடுத்த பொலாரத்தில் 1910-இல் பிறந்து, தருமபுரி, சேலம் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சனானாலும், ராபின் என்ற ஸ்பானியல் நாயோடு காயம்பட்ட சிறுத்தையைத் தொடர்ந்ததை எழுதிய ஜிம் கார்பெட்டானாலும், காயப்படுத்தியதை விட்டுவிட்டு வீடு திரும்புவதைக் கேவலமாகக் கருதினார்கள். வேட்டையை நிறுத்திவிட்ட நாம், அதிலிருந்த அந்த ஒரு கடமையையும் சேர்த்து நிறுத்திவிட்டோம்.

சட்டத்திருத்தம் வரை காத்திருக்கத் தேவையில்லை. 12-ஆம் பிரிவு, அறிவியல் ஆய்வுக்கும் அறிவியல் முறையிலான வன உயிரின மேலாண்மைக்கும் அனுமதி தரத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஏற்கெனவே அதிகாரம் அளிக்கிறது. அட்டவணையில் உயர்ந்த இடத்திலுள்ள வெளிமான் போன்றவற்றுக்கு மத்திய அரசின் ஒப்புதலும் தேவைப்படும். முதல் சோதனைக்குப் புள்ளிமான் போதும். இடம் சங்காரெட்டி, மேடக் மாவட்டங்கள். தெலங்கானா காவல்துறையின் நாய்ப் பயிற்சி மையம் மொய்னாபாத்தில், வெளிவட்டச் சாலையில் போனால் பட்டான்செருவுக்கு அருகில்தான் இருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகம் ராஜேந்திரநகரில். அத்தாபூரின் லாகோன்ஸ் ஆய்வகம் 2006-இல் செயற்கைக் கருவூட்டலால் 'ஸ்பாட்டி' என்ற புள்ளிமான் குட்டியைப் பிறக்கவைத்த இடம். ஒரு புள்ளிமானைப் பிறக்கவைக்க அவ்வளவு அறிவையும் உழைப்பையும் செலவிட்ட நகரம், அடிபட்ட ஒரு புள்ளிமானைத் தேட இரண்டு நாய்களையும் நான்கு ஆட்களையும் செலவிட முடியும். பயிற்சித் தடத்துக்கு வேண்டிய குளம்பும் இரத்தமும் சாலையில் செத்த மான்களிடமிருந்து, துறையின் கணக்கில், கிடைக்கும். இரண்டு மழைக்காலமாவது நடக்கட்டும். கிடைத்தது, கிடைக்காதது, உயிரோடு இருந்தது, இறந்திருந்தது எல்லாம் பதிவாகி வெளியிடப்படட்டும்.

மான் கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதையும் அந்த அனுமதி ஆணையில் எழுதியாக வேண்டும். அதில்தான் குழப்பம் வரும். நாய் மானைக் காட்டியதும் வார் இழுக்கப்பட்டு நாய் பின்னால் போய்விட வேண்டும். மானுக்கு அருகில் மருத்துவர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் மட்டும். கம்பியை வெட்டி, மருந்திட்டு, அங்கேயே எழுப்பிவிடக்கூடிய மானை வண்டியில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் வழியிலேயே செத்துவிடும். முதுகெலும்பு உடைந்தது, குடல் வெளியே வந்தது, கால் அழுகி மூட்டு வரை ஏறியது என்றால் அங்கேயே ஊசி போட மருத்துவருக்கு முன்கூட்டிய எழுத்து அனுமதி வேண்டும். இன்று அந்த அனுமதிக்காகத் தொலைபேசிகள் மாறி மாறி அடிக்கும்போது மான் கிடந்து துடிக்கிறது. 11-ஆம் பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. மாவட்ட வாரியாக, பெயர் குறித்து, ஓராண்டுக் காலத்துக்கு மருத்துவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்து, ஒவ்வொரு முடிவுக்கும் 48 மணி நேரத்தில் அறிக்கை கேட்கலாம். இந்த ஒரு வரி இல்லாமல் ஆணை வந்தால், நாய் மானைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகும் எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.